பாட்டியின் பச்சைத் தம்ளர்



பினாங்குத் தீவில், ஜோர்ஜ்டவுன் நகரத்தின் நடுவில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. உங்களில் பலர் அதில் நடந்திருப்பீர்கள். பட்டர்வொர்த்தில் படகேறி, தைப்பூசத்துக்கோ, கல்யாணத்துக்கு நகை எடுக்கவோ போகும்போது அந்தச் சாலையை மிதிக்காமல் திரும்ப முடியாது. 'பிட் ஸ்திரீட்' என்பது அதன் பழைய பெயர். ஒரு முனையில் 1818-இல் கட்டிய செயின்ட் ஜோர்ஜ் தேவாலயம். சற்றுத் தள்ளிச் சீனர்களின் குவான் யின் கோயில். அடுத்த தெருவில் 1833-இல் எழுந்த நம் மகாமாரியம்மன் கோயில். அதையும் தாண்டினால், 1801-இல் இந்திய முஸ்லிம்களின் தலைவரான காதர் முகைதீன் அவர்கள் தோற்றுவித்த பள்ளிவாசல். அவர் வகித்த 'கப்பித்தான்' பதவியின் பெயரைத்தான் இன்று சாலை தாங்கி நிற்கிறது.

அந்தப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஓர் ஒட்டுக்கடையில் ஒரு நாள் காலை பசியாற உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் ஒரு பெரியவரும் அவருடைய பேரனும் இருந்தார்கள். பேரனுக்குப் பத்து வயது இருக்கும். அவன் முன்னால் ஒரு கண்ணாடித் தம்ளரில் தேநீர். தம்ளரின் வெளிப்பக்கம் மேலிருந்து கீழாக வரிவரியாக இருந்தது. பையன் அதை விரலால் தடவிக்கொண்டே, "தாத்தா, இதுல ஏன் கோடு கோடா இருக்கு?" என்று கேட்டான். பெரியவர், "அது அப்படித்தான்டா வரும். ஆறிப் போகுது, குடி" என்றார்.

அந்தப் பெரியவரைக் குறை சொல்லமாட்டேன். நம் வீட்டில் நாள்தோறும் கையில் எடுக்கும் பொருளைப் பற்றி நாம் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. ஆனால் அந்தப் பையன் கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனால் அமெரிக்கா வரைக்கும் போகலாம். அங்கிருந்து திரும்பி நம் லயத்து வீட்டு வாசலுக்கே வந்து சேரலாம். இன்று உங்களை அந்தப் பயணத்துக்குத்தான் அழைக்கிறேன்.

முதலில், கண்ணாடி எப்படி உண்டாகிறது? மணல், சோடா உப்பு, சுண்ணாம்பு இவைதான் அதன் மூலப்பொருள்கள். இவற்றைக் கலந்து உலையில் இட்டு, ஏறத்தாழ 1500 பாகை வெப்பத்தில் உருக்கினால், தேன்போலக் கெட்டியான குழம்பு கிடைக்கும். மணலில் சிறிது இரும்பு கலந்திருந்தால் கண்ணாடி பச்சையாக வரும். பழைய போத்தல்கள் பச்சையாக இருப்பதற்கு இதுதான் காரணம். நீல நிறம் வேண்டுமானால் கோபால்ட்டு சேர்ப்பார்கள். இளஞ்சிவப்பு வேண்டுமானால் செலீனியம் சேர்ப்பார்கள்.

பழங்காலத்தில் இந்தக் குழம்பை ஒரு நீண்ட குழாயின் முனையில் எடுத்து, வாயால் ஊதித்தான் பாத்திரம் செய்தார்கள். அதில் பூவும் கொடியும் வேண்டுமானால், தேர்ந்த தொழிலாளி சக்கரத்தில் வைத்து வெட்டவேண்டும். ஆகவே சித்திரம் போட்ட கண்ணாடி பணக்காரர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. 1820-களில் அமெரிக்காவில் ஒரு புதிய வழி பிறந்தது. இரும்பு அச்சுக்குள் சித்திரத்தைச் செதுக்கிவைத்தார்கள். அந்த அச்சுக்குள் கண்ணாடிக் குழம்பை விட்டு, மேலிருந்து ஓர் இரும்புத் தண்டால் அமுக்கினார்கள். அமுக்கி எடுத்தால் பாத்திரமும் சித்திரமும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடும். தாய்மார்களுக்குச் சொல்வதானால், நாம் முறுக்கு அச்சில் மாவை அடைத்து அமுக்குவதைப் போலத்தான். இதற்கு 'அழுத்து கண்ணாடி' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

ஆக, பையன் கேட்ட கேள்விக்கு இதோ பதில். அந்த வரிகள் அச்சிலிருந்து வந்தவை. அழகு மட்டும் அதன் நோக்கமன்று. வரி இருந்தால் ஈரக்கையில் வழுக்காது. மலிவான கண்ணாடியில் இருக்கும் சிறு குமிழிகளும் கீறல்களும் சித்திரத்துக்குள் மறைந்துவிடும். குறையை மறைக்கப் பூப்போட்ட புடவை கட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இந்தக் கடைசிக் காரணம் முக்கியமானது. மலிவுக் கண்ணாடிக்குப் பூவேலை போட்டு ஒரு நாடு முழுவதும் பரப்பிய காலம் ஒன்று உண்டு. அதுதான் 1930-களின் பொருளாதார மந்தக் காலம்.

1929-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவில் பங்குச் சந்தை சரிந்தது. வங்கிகள் மூடப்பட்டன. ஆலைகள் நின்றன. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வேலையிழந்தார்கள். அந்த நேரத்தில் அங்குள்ள கண்ணாடி ஆலைகள் ஒரு காரியம் செய்தன. ஜெனட், ஹாக்கிங், ஃபெடரல், ஹேசல்-அட்லஸ் போன்ற ஆலைகள் இயந்திரத்தின் உதவியால் தட்டுகளையும் தம்ளர்களையும் கிண்ணங்களையும் மிக மலிவாக வார்த்துத் தள்ளின. இளஞ்சிவப்பு, பச்சை, தேன் நிறம், நீலம் என்று பல நிறங்கள். செர்ரிப் பூ ஒரு சித்திரம், சாய்சதுரக் கட்டம் ஒரு சித்திரம், சரிகை போன்ற பின்னல் ஒரு சித்திரம். ஐந்து காசு, பத்துக் காசுக் கடைகளில் இவை கிடைத்தன. ஓட்ஸ் மாவுப் பெட்டிக்குள் ஒரு கிண்ணத்தை வைத்து இனாமாகக் கொடுத்தார்கள். கூட்டம் குறைந்துபோன திரையரங்குகளில், 'இன்றைக்கு வருபவர்களுக்கு ஒரு தட்டு இலவசம்' என்று அறிவித்தார்கள். வாரம் ஒரு தட்டாகச் சேர்த்தால் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய முழுத் தொகுப்பும் சேர்ந்துவிடும். கையில் காசில்லாத தாய், தன் மேசையில் ஒரு நிறத்தைப் பார்த்து மனம் தேறினாள்.

இனி, அதே ஆண்டுகளில் நம் தோட்டங்களில் என்ன நடந்தது என்று பார்ப்போமா?

அன்றைக்கு உலகத்தில் விளைந்த ரப்பரில் பாதிக்கு மேல் வாங்கிய நாடு அமெரிக்கா. மோட்டார் வண்டிகளின் சக்கரங்களுக்காகத்தான் வாங்கினார்கள். 1929-இல் அங்கே 53 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. 1932-இல் அது 14 இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. வண்டி இல்லையென்றால் சக்கரம் எதற்கு? சக்கரம் இல்லையென்றால் ரப்பர் எதற்கு? 1929-இல் ராத்தல் சுமார் 34 காசு விற்ற ரப்பர், 1932-இல் சுமார் 7 காசுக்கு வந்து நின்றது.

அந்த அடி நேராக நம் மக்கள் முதுகில் விழுந்தது. ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த சம்பளம் 1930-இல் 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. பிறகு அதுவும் இறங்கியது. வேலையில்லை என்று சொல்லி, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். 'ரஜுலா' போன்ற கப்பல்கள் ஆட்களைக் கொண்டுவந்த அதே வழியில் ஆட்களைக் கொண்டுபோயின.

அங்கே ஓர் அமெரிக்கத் தாய் ஓட்ஸ் பெட்டியில் இளஞ்சிவப்புக் கிண்ணத்தை எடுத்துப் பார்த்த அதே நாளில், இங்கே நம் பாட்டி ஒருத்தி லயத்து வீட்டைப் பூட்டி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். ஒரே மந்தம்தான். அங்கே அது தட்டாக வந்தது, இங்கே பயணச்சீட்டாக வந்தது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. இனாமாகக் கிடைத்த அந்தக் கண்ணாடியை அமெரிக்கர்களே மறந்துவிட்டார்கள். பரணில் போட்டார்கள், குப்பையில் எறிந்தார்கள். நாற்பது ஆண்டு கழித்து, அதே பிள்ளைகள் பெரியவர்களாகி, 'அம்மா வைத்திருந்த தட்டு எங்கே?' என்று தேடத் தொடங்கினார்கள். 1970-இல் ஹேசல் மேரி வெதர்மன் என்ற பெண்மணி, எந்த ஆலை எந்தச் சித்திரத்தை வார்த்தது என்று ஒரு நூல் எழுதினார். அதன்பின் சங்கங்கள் ஏற்பட்டன, கண்காட்சிகள் நடந்தன. தூக்கி எறிந்ததையே விலை கொடுத்து வாங்கினார்கள். இப்போது அந்த நாட்டில் அது ஒரு பெரிய சேகரிப்புக் கலை.

நம் பக்கத்தில் இப்படி ஏதாவது உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. இந்தியாவில் புனே நகருக்கு அருகே தளேகாவ் என்ற ஊரில் 1908-இல் ஒரு கண்ணாடி ஆலை தொடங்கினார்கள். அதன் பெயரே 'பைசா நிதிக் கண்ணாடி ஆலை'. ஆளுக்கு ஒரு பைசா என்று மக்களிடம் திரட்டிய பணத்தில் உருவானது அது. நம்மவருக்கு இது புரியும். 1960-இல் துன் சம்பந்தன் அவர்கள் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும், தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்த பணத்தில் தோட்டம் வாங்கியதுதானே? சிறுதுளி பெருவெள்ளம். தளேகாவ் ஆலையில் பயின்ற தொழிலாளர்கள் இந்தியாவின் பல பகுதிகளுக்குப் போய்த் தொழிலைப் பரப்பினார்கள்.

ஆக்ரா நகருக்குப் பக்கத்தில் ஃபிரோசாபாத் என்ற ஊர் இருக்கிறது. வளைகாப்புக்கும் கல்யாணத்துக்கும் நீங்கள் அடுக்கிக்கொள்ளும் கண்ணாடி வளையல்களுக்குப் பேர்போன ஊர் அது. அங்கே 'ஜெயின்' என்ற ஆலை வானவில் மினுமினுப்புள்ள தம்ளர்களையும் பூச்சாடிகளையும் அழுத்து முறையில் வார்த்தது. யானை, மீன் போன்ற உருவங்கள் அவற்றில் உண்டு. சூடான கண்ணாடியின் மேல் உலோக உப்புக் கரைசலைத் தெளித்தால் அந்த மினுமினுப்பு வரும். சில தம்ளர்களில் ஆலையின் பெயரையே ஆங்கில எழுத்தில் சித்திரத்தோடு சித்திரமாக வார்த்திருப்பார்கள். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இன்று இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பவர்கள்கூட இந்த இந்தியத் தம்ளர்களைத் தேடிச் சேர்க்கிறார்கள்.

நம் தோட்டத்திலேயே இருந்த கண்ணாடியை எண்ணிப் பாருங்கள். சோடாக் கடையில் கோலி அடைத்த போத்தல். அதை இங்கிலாந்தைச் சேர்ந்த ஹைரம் காட் என்பவர் 1872-இல் கண்டுபிடித்துப் பதிவு செய்தார். உள்ளே இருக்கும் கோலிக்காகச் சிறுவர்கள் போத்தலை உடைத்தார்கள். அதனால்தான் இன்று முழுப் போத்தல் கிடைப்பது அரிது. உடைத்தவர்களில் நானும் ஒருவன்! சிமினி விளக்கின் புகைக்கூண்டு, மிட்டாய்ப் போத்தல், ஊறுகாய் போட்டுவைத்த ஹார்லிக்ஸ் போத்தல் இவையும் உண்டு. இவை எல்லாவற்றிற்கும் மேலாகப் பால்மரத்தில் கட்டிய கோப்பை. பளபளப்புப் பூசிச் சுட்ட மண்கோப்பைகளும், கண்ணாடிக் கோப்பைகளும் பால் பிடிக்கப் பயன்பட்டன. பிறகு பிளாஸ்டிக் வந்தது. நம் முன்னோர் நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை கையால் தொட்ட பொருள் அது. உங்கள் வீட்டில் ஒன்றாவது இருக்கிறதா?

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும்.

நான் பிறந்தது கெடா மாநிலத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில். என் பாட்டியிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் பழைய வேட்டியில் சுற்றிய ஆறு பச்சைத் தம்ளர்கள். வெளிப்பக்கம் கொடி போட்டிருக்கும். தீபாவளிக்கும், மாரியம்மன் திருவிழாவுக்கும், பெண் பார்க்க வந்தவர்களுக்கும்தான் அவை வெளியே வரும். மற்ற நாள்களில் எங்களுக்கு மங்குக் கோப்பைதான். பிள்ளைகள் தொட்டால் அடி விழும்.

1985 வாக்கில் தோட்டம் கைமாறியது. லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். நாங்கள் பட்டணத்தில் இரண்டு அறை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. சாமான்களைக் குறைக்கும் பொறுப்பு என்னுடையது. பழைய சாமான் வாங்கும் லோரி வாசலில் நின்றது. இரும்பு ஒரு விலை, போத்தல் ஒரு விலை. தகரப் பெட்டியையும் அதில் இருந்ததையும் அப்படியே ஏற்றிவிட்டேன். மொத்தமாக எனக்குக் கிடைத்தது நாலு வெள்ளிக்கும் குறைவு. நல்ல காரியம் செய்தோம் என்றே நினைத்தேன்.

புது வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் பாட்டி, "அந்தப் பச்சைத் தம்ளர் எங்கேய்யா?" என்று கேட்டார்கள். நான் சொன்னேன். அவர்கள் என்னைத் திட்டவில்லை. சற்று நேரம் கழித்துத்தான் பேசினார்கள்.

அவை அவர்களுடைய தாயாரின் தம்ளர்கள். 1931-இல் குடும்பத்தோடு ஊருக்குத் திருப்பி அனுப்பியபோது பாட்டிக்குப் பதினொரு வயது. கப்பலில் கண்ணாடி உடைந்துவிடும் என்று, தோட்டத்துக்கு வெளியே கடை வைத்திருந்த சீனரிடம் கொடுத்துவிட்டுப் போனார்களாம். திரும்பி வருவோமா என்பதே தெரியாத நேரம். 1934-இல் மறுபடி வேலை கிடைத்து வந்தார்கள். கடைக்குப் போய் நின்றார்கள். அந்தச் சீனர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், அதே ஆறு தம்ளர்களைத் தூசி தட்டிக் கொண்டுவந்து வைத்தாராம். "நீ வருவேன்னு தெரியும்" என்று சொன்னாராம். பாட்டியின் தாயார் கடையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்களாம்.

மூன்று ஆண்டு மந்தத்தில் உடையாமல் தப்பிய ஆறு தம்ளர்களை நான் பத்து நிமிடத்தில் எடைக்குப் போட்டேன். அவற்றின் அடிப்பக்கத்தை ஒரு நாளாவது திருப்பிப் பார்த்தேனா? இல்லை. பாட்டியிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டேனா? அதுவும் இல்லை. போனது நாலு வெள்ளிப் பொருளா, நாற்பது வெள்ளிப் பொருளா என்பதல்ல என் வருத்தம். அந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு என் பிள்ளைக்குக் காட்ட என்னிடம் இன்று ஒன்றுமில்லை.

பினாங்கில் லெபோ கெரெஜா என்னும் தேவாலயத் தெருவில், பெரனாக்கான் மாளிகை என்ற பழைய வீடு ஒன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பழம்பொருள்களை அங்கே அடுக்கிவைத்திருக்கிறார்கள். ஐரோப்பியக் கண்ணாடியும் பீங்கானும் கண்ணைப் பறிக்கும். பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். சீமான்கள் வீட்டுக் கண்ணாடியைக் காக்க மாளிகை இருக்கிறது. தொழிலாளி வீட்டுத் தம்ளரைக் காக்க யார் இருக்கிறார்கள்? நாம்தான். நாம் காக்காவிட்டால் அது எடைக்குத்தான் போகும். தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிந்துவிட்டன. அங்கே ஒரு வாழ்க்கை இருந்தது என்பதற்குச் சாட்சி இந்தச் சின்னச் சாமான்கள்தாம்.

சரி, என்ன செய்யலாம்? மூன்றே காரியம் சொல்கிறேன். திருப்பிப் பாருங்கள், தடவிப் பாருங்கள், கேட்டு எழுதுங்கள்.

முதலாவது, திருப்பிப் பாருங்கள். எந்தப் பழைய கண்ணாடிப் பொருளாக இருந்தாலும் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். எழுத்தோ, எண்ணோ, சின்னமோ வார்த்திருந்தால் எந்த ஆலை என்று பிடிக்க அதுவே முதல் துப்பு. நாளும் மேசையில் வைத்து எடுத்த பொருளானால் அடியில் பொடிப்பொடியான கீறல்கள் பல திசையில் இருக்கும். பழையது என்று சொல்லி விற்கும் பொருளின் அடி புத்தம்புதிதாக வழவழப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, தடவிப் பாருங்கள். பக்கவாட்டில் மெல்லிய கோடு ஒன்று மேலிருந்து கீழாக ஓடும். அச்சின் பாகங்கள் சேரும் இடம் அது. அழுத்தியோ அச்சில் ஊதியோ வார்த்த கண்ணாடிக்கு அது அடையாளம். விளிம்பை விரல் நுனியால் மெதுவாகச் சுற்றி வாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சில்லுப் பெயர்ச்சி விரலுக்குத் தெரியும். ஆனால் பிள்ளைகள் இதைப் பெரியவர் துணையோடுதான் செய்யவேண்டும். விரிசல் விட்ட பாத்திரத்தில் எதையும் ஊற்றிக் குடிக்கவேண்டாம். குளிர்ந்த பழைய கண்ணாடியில் கொதிநீரை ஊற்றினால் படீரென்று தெறிக்கும். மிதமான சூட்டு நீரில் கழுவி, மெல்லிய துணியால் துடையுங்கள். நீர்க்கறை படிந்திருந்தால் வினிகர் கலந்த நீரில் சற்று ஊறவிடுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கவேண்டுமானால் நடுவில் துணி வையுங்கள்.

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். மந்தக் காலத்துப் பச்சைக் கண்ணாடியில் சிலவற்றில் யுரேனியம் என்ற தாது சிறிதளவு சேர்ந்திருக்கும். கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் அதன்மேல் காட்டினால் பச்சையாக ஒளிரும். அலமாரியில் வைத்துப் பார்ப்பதில் அச்சமில்லை. உணவுக்குப் பயன்படுத்தாமல் விட்டுவிடுவது நல்லது.

மூன்றாவதுதான் முக்கியம், கேட்டு எழுதுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பொருளை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். யார் வாங்கியது? எந்தக் கடையில்? எந்தத் தோட்டத்தில் இருந்தபோது? யார் கல்யாணத்துக்கு வந்தது? பொருள் கையில் இருந்தால் நினைவு தானாக வரும். சொல்வதை ஒரு சிறு தாளில் எழுதி, தேதி போட்டு, பொருளுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பசை போட்டுக் கண்ணாடியில் ஒட்டவேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளே, இந்தப் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி சொல்லும் தமிழிலேயே எழுதுங்கள். திருத்தி எழுதவேண்டாம்.

வெளியில் வாங்கிச் சேர்க்க விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பினாங்கில் நகர அரங்கத்தின் பக்கத்தில் லோரோங் கூலிட் என்ற இடத்தில் காலையில் பழைய பொருள் சந்தை கூடும். ஆர்மீனியன் தெருப் பக்கமும் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. போய்ப் பாருங்கள், பார்ப்பதற்குக் காசில்லை. ஆனால் போனவுடன் வாங்காதீர்கள். பழைய அச்சிலிருந்தே புதுச் சரக்கு வார்ப்பதும் உண்டு. 1976-இல் அமெரிக்காவில் ஃபெடரல் ஆலை 'மாட்ரிட்' என்ற தன் பழைய சித்திரத்தை மறுபடி வார்த்தது. ஆனால் '76' என்ற எண்ணை அதில் பொறித்து நேர்மையாக விற்றது. பிறகு அச்சு வேறோர் ஆலையின் கைக்குப் போனது. அந்த எண் நீங்கிவிட்டது. புதியதைப் பழையதென்று எண்ணி ஏமாந்தவர்கள் பலர். ஆகவே பத்துப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு ஒன்றை வாங்குங்கள். கடன் வாங்கிச் சேர்க்காதீர்கள். பிள்ளையின் பள்ளிச் செலவில் கைவைக்காதீர்கள். ஐந்து பொருள் இருந்து ஐந்துக்கும் கதை தெரிந்திருந்தால், கதை தெரியாத ஐம்பதைவிட அது பெரிய சேகரிப்பு.

விற்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. முடை வரும் வீட்டில் விற்கத்தான் வேண்டியிருக்கும். அதில் வெட்கமில்லை. விற்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எடைக்குப் போடாமல், பொருளுக்கு என்ன விலை என்று இரண்டு இடத்தில் விசாரியுங்கள். அவ்வளவுதான்.

நேயர்களே, பள்ளிவாசல் பக்கத்துக் கடையில் அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு நான் அன்று எழுந்துபோய்ப் பதில் சொல்லவில்லை. பெரியவர் தவறாக நினைப்பாரோ என்று தயங்கினேன். அதற்குப் பதிலாகத்தான் இன்று உங்களிடம் இவ்வளவும் பேசினேன். உங்கள் வீட்டுப் பிள்ளை நாளைக்கு ஒரு தம்ளரைத் தடவிக்கொண்டு, "இதுல ஏன் கோடு இருக்கு?" என்று கேட்டால், "அது அப்படித்தான் வரும்" என்று சொல்லிவிடாதீர்கள். தேநீர் சற்று ஆறினால் ஆறட்டும். தம்ளரைக் கையில் வாங்கித் திருப்பிக் காட்டிச் சொல்லுங்கள்.